ரஷாட் பிக்கெட் எடுத்த தொப்பி

ரஷாட் பிக்கெட்டைப் பற்றி எங்கள் ஊரில் யாரிடம் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதையில் என் பெயர் வராது. வராமல் போனதற்குக் காரணம் ரஷாட்தான். அதனால்தான் இதை நானே எழுதுகிறேன்.

என் பெயர் லோவெல் ஸ்ட்ரிக்லர். பெல் லேண்டிங் உயர்நிலைப் பள்ளியில் இருபத்தாறு வருடம் உடற்பயிற்சி ஆசிரியராகவும் கூடைப்பந்து அணியின் துணைப் பயிற்சியாளராகவும் இருந்தேன். ஒஹையோ ஆற்றங்கரையில், இண்டியானாவின் தெற்கு விளிம்பில் இருக்கிறது எங்கள் ஊர். ஊரில் மூவாயிரம் பேர். பள்ளி அரங்கில் நாலாயிரம் இருக்கைகள். வெள்ளிக்கிழமை ஆட்டம் என்றால் அந்த நாலாயிரமும் போதாது.

2006இல் ரஷாட்டுக்குப் பதினேழு வயது, ஆறடி எட்டங்குலம். அவ்வளவு உயரமான பையன்கள் பெரும்பாலும் தங்கள் கால்களைத் தாங்களே மிதித்துக்கொள்வார்கள். இவன் அப்படியில்லை. மான் வேலியைத் தாண்டுவது போல ஓடுவான். அவனுக்குப் பந்து போடுகிறவன் எமரி டல். ஐந்தடி பத்தங்குலம், ஒல்லி, காது மட்டும் பெரிது. எட்டு வயதிலிருந்து இருவரும் சேர்ந்தே ஆடினார்கள். ரஷாட் எங்கே குதிப்பான் என்பது ரஷாட்டுக்கே தெரிவதற்கு முன் எமரிக்குத் தெரிந்துவிடும். பந்து அங்கே போய்க் காத்திருக்கும்.

பயிற்சியின்போது அவர்கள் பேசிக்கொள்வதைக் கேட்க வேண்டும்.

"டேய் நெட்டைக் கொக்கு, பந்து மூக்குல பட்டாத்தான் கண்ணத் தொறப்பியா?"

"நீ போட்டது பாஸா, செங்கல்லா? மூக்கு போயிருந்தா யூனிஸ் அம்மாகிட்ட நீதான் பதில் சொல்லணும்."

யூனிஸ் என்பவர் எமரியின் அம்மா. எங்கள் பள்ளி உணவுக்கூடத்தில் வேலை பார்த்தார். ரஷாட்டின் அம்மா டெனிஸுக்கு வான்கோழி ஆலையில் மாலை ஷிஃப்ட். அதனால் பள்ளி விட்டதும் ரஷாட் போவது டல் வீட்டுக்குத்தான். மக்காச்சோள ரொட்டி, பீன்ஸ், பொரித்த கெளுத்தி மீன் என்று யூனிஸ் வைத்ததையெல்லாம் எமரியின் தட்டிலிருந்தும் சேர்த்துத் தின்பான். "இவனுக்கு வயிறா, கிணறா?" என்பார் யூனிஸ், இன்னொரு துண்டு எடுத்துப் போட்டுக்கொண்டே.

பல்கலைக்கழகங்களிலிருந்து ரஷாட்டுக்குக் கடிதம் வராத நாள் கிடையாது. எமரிக்கு ஒன்றுகூட வரவில்லை. அவனை மாதிரிக் குள்ளமான பையன்கள் நாடு முழுக்க ஆயிரம் பேர். ஆனால் ஒருவர் மட்டும் அவனையும் பார்த்தார். ஹாலோவே கல்லூரியின் தலைமைப் பயிற்சியாளர் வாலஸ் க்ரீல். சின்னக் கல்லூரி, சின்ன லீக். மூன்று வருடமாகத் தன் பழைய காரைத் தானே ஓட்டிக்கொண்டு எங்கள் ஆட்டங்களுக்கு வந்தார்.

"அந்தப் பொடியன் இல்லன்னா நெட்டையன் பாதி ஆளுதான், லோவெல்," என்றார் என்னிடம். "எனக்கு ரெண்டு பேரும் வேணும். ரெண்டு பேருக்கும் முழு ஸ்காலர்ஷிப். ஆனா ஒண்ணு, ரஷாட் வந்தாத்தான் எமரிக்கு எடம். எங்க நிர்வாகத்துக்கிட்ட நான் அப்படித்தான் பேசி வாங்கியிருக்கேன்."

அக்டோபரில் ஒரு ஞாயிறு, யூனிஸின் சமையலறையில், ரஷாட் க்ரீலின் கையைப் பிடித்துக் குலுக்கி, "வர்றோம் சார்" என்றான். வர்றேன் என்று சொல்லவில்லை. வர்றோம் என்றான். நானும் அங்கே இருந்தேன்.

அதற்கு மூன்று வாரம் கழித்து வெக்ஸ்மோர் பல்கலைக்கழகம் அவனைத் தங்கள் இடத்தைப் பார்க்க அழைத்தது. நாட்டின் முன்வரிசை அணிகளில் ஒன்று. கூட்டிப் போக வந்தவர் பிரென்ட் கால்டர் என்ற துணைப் பயிற்சியாளர். சிரிக்காமல் இருக்கவே தெரியாத மனிதர். ரஷாட் திரும்பி வந்து என்னிடம் சொன்னதில் பாதி ஒரு சுவரைப் பற்றியே இருந்தது. அந்தச் சுவரில், அங்கே படித்துத் தொழில்முறை ஆட்டத்துக்குப் போனவர்களின் படங்கள் ஆளுயரத்துக்கு மாட்டியிருந்தனவாம். கடைசியில் ஒரு காலிச் சட்டம். அதன் மேல் விளக்கு போட்டு வைத்திருந்தார்களாம்.

"ஒரே வருஷம், ரஷாட்," என்றிருக்கிறார் கால்டர். "தொழில்முறை லீக் விதிப்படி ஸ்கூல் முடிஞ்சு ஒரு வருஷம் காத்திருக்கணும். அந்த வருஷத்த எங்க கழிக்கணுங்கிறதுதான் கேள்வி. ஹாலோவேல கழிச்சா யாரு பாப்பாங்க? எங்ககிட்ட ஒவ்வொரு ஆட்டத்துக்கும் முப்பது டீமோட ஆளுங்களும் வந்து உக்காந்திருப்பாங்க."

ரஷாட் எமரியைப் பற்றிக் கேட்டிருக்கிறான். கால்டர், "யாரு, அந்த வாத்துக்குஞ்சா? அந்த மாதிரி நாலு பேர் எங்ககிட்ட தண்ணி பாட்டில் தூக்கிட்டுத் திரியறாங்க" என்றாராம். ரஷாட் சிரித்தான். சிரித்ததை அவன் எனக்கு அப்போது சொல்லவில்லை. பதினெட்டு வருடம் கழித்துத்தான் கேட்டேன்.

நவம்பரில், கல்லூரிகளோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் வாரம் வந்தது. புதன்கிழமை காலை பள்ளி அரங்கில் விழா, தொலைக்காட்சி வருகிறது என்று முடிவாகியிருந்தது. திங்கள்கிழமை சாயங்காலம் பயிற்சி முடிந்து, பந்துகளை வைக்கும் அறையில் நான் காற்றடித்துக்கொண்டிருந்தபோது ரஷாட் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"கோச், நான் வெக்ஸ்மோருக்கு ஃபோன் பண்ணிச் சரின்னுட்டேன்."

நான் பம்பை நிறுத்தினேன். "எமரிக்குத் தெரியுமா?"

"யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு கால்டர் சொல்லியிருக்காரு. டிவியில எடுக்கும்போதுதான் தெரியணுமாம்." சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "எங்கம்மா கையப் பாத்திருக்கீங்களா கோச்? பதினாலு வருஷமா வான்கோழி வெட்டி வெட்டி விரல மடக்க முடியல. ஹாலோவேல ஆடிக்கிட்டு நாலு வருஷம் என்னால காத்திருக்க முடியாது." பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்: "அது மட்டுமில்ல. எனக்கும் ஆசையாத்தான் இருக்கு."

"இன்னிக்கே போய் எமரிகிட்ட சொல்லிடுடா."

"சொல்றேன்."

அவன் சொல்லமாட்டான் என்று எனக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை மதியம் உணவுக்கூடத்தில் இருவரும் ஒரே மேசையில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். நானே எமரியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். க்ரீலுக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாம். செய்யவில்லை. ஏன் என்று எழுதிவிடுகிறேன். அதற்கு முந்தைய வாரம் கால்டர் என் தோளில் கைபோட்டு, "உங்கள மாதிரி ஆட்டம் தெரிஞ்ச ஆள் எங்க வீடியோ ரூம்ல உக்காந்து ஆட்டங்கள அலசினா நல்லா இருக்கும், லோவெல். இந்தப் பையன் விஷயம் நல்லபடியா முடியட்டும், பேசுவோம்" என்று சொல்லியிருந்தார். எனக்கு அப்போது ஐம்பது வயது. ஒரு பெரிய அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு உட்காரும் ஆசை இருபது வயதிலிருந்து எனக்குள் இருந்தது. ரஷாட் குறுக்கே மனம் மாறிவிட்டால் அது போய்விடும் என்று நினைத்தேன். அந்தச் செவ்வாய்க்கிழமை முழுவதும் பந்துகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை அரங்கு நிறைந்திருந்தது. நடுவில் வெள்ளைத் துணி விரித்த நீள மேசை. ரஷாட்டுக்கு முன்னால் இரண்டு தொப்பிகள்: ஹாலோவேயின் பச்சை, வெக்ஸ்மோரின் சிவப்பு. எதை எடுத்து அணிகிறானோ அங்கே சேர்கிறான் என்று அர்த்தம். சிவப்பு சும்மா நிகழ்ச்சிக்காக வைத்தது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். பக்கத்தில் எமரி, பச்சைத் தொப்பியை ஏற்கெனவே தலையில் வைத்திருந்தான். கழுத்தில் பச்சை டை. யூனிஸ் முந்தின நாள் வாங்கியது. முடிச்சு ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ரஷாட் கையெழுத்திட்ட ஒப்பந்தத் தாள் ஃபேக்ஸில் வந்ததும் எமரியின் ஒப்பந்தத் தாளை அனுப்புவதாக க்ரீல் சொல்லியிருந்தார். அலுவலகத்தில் ஃபேக்ஸ் இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு ஆசிரியை காத்துக்கொண்டிருந்தார்.

ரஷாட்டின் கை பச்சைத் தொப்பி வரைக்கும் போனது. அதைத் தொட்டான்கூட. பிறகு சிவப்பை எடுத்துத் தலையில் வைத்தான்.

அப்புறம் எழுந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! கூரை பறந்துவிடும் போலிருந்தது. எங்கள் ஊர்ப் பையன் வெக்ஸ்மோருக்கு! எல்லாரும் எழுந்து நின்றார்கள். முதலில் கைதட்டியது எமரி. அதை நான் பார்த்தேன், கேமராவிலும் பதிந்திருக்கிறது. தட்டி முடித்துவிட்டுத் தன் தொப்பியை மெதுவாகக் கழற்றி, மடித்து, நாற்காலிக்கு அடியில் வைத்தான். நானும் தட்டினேன்.

விழா முடிந்து நூலகத்தில் கேக். யூனிஸ் இரண்டு நாள் விடுப்பு போட்டு வீட்டில் செய்தது. பச்சைக் கிரீம், அதன் மேல் வெள்ளையில் இரண்டு பெயர்களும். அதைத் தூக்கி எறிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. யூனிஸ் கத்தியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் அமைதியாக வெட்டிக் கொடுத்தார். ரஷாட் என்று எழுதியிருந்த துண்டை அப்படியே முழுசாக எடுத்து ஒரு தட்டில் வைத்து அவனிடம் நீட்டினார்.

"சாப்பிடு கண்ணு. காலையில ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்ட."

அவன் சாப்பிட்டான். கடைசித் துணுக்கு வரைக்கும் சாப்பிட்டான். சிவப்புத் தொப்பியைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை அவனுக்கு. உதட்டில் பச்சைக் கிரீம் ஒட்டியிருந்தது.

மறுநாள் காலை க்ரீல் எனக்கு ஃபோன் செய்தார். கத்தவில்லை.

"எமரிகிட்ட எடம் இல்லன்னு நானே சொல்லிட்டேன். இருக்கிற எடத்துல ஒரு உயரமான ஆளத்தான் நான் எடுத்தாகணும். என் வேலையும் நிக்கணும்ல." பிறகு சொன்னார்: "இல்லினாய்ஸ்ல ஒரு பையன் இருந்தான் லோவெல், ஆறடி ஒம்பது. செவ்வாய்க்கிழமை ராத்திரி வரைக்கும் எனக்காகக் காத்திருந்தான். ரஷாட் வர்றான்னு நம்பி வேணாம்னுட்டேன். செவ்வாய்க்கிழமை யாராச்சும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவனப் பிடிச்சிருப்பேன். எமரியோட எடத்தையும் எப்படியாச்சும் காப்பாத்தியிருப்பேன். ரஷாட் நேத்து முடிவ மாத்தினத யாரு எதிர்பாத்தா, சொல்லுங்க?"

"ஆமா," என்றேன். "யாரு எதிர்பாத்தா."

அந்தக் குளிர்காலம் முழுக்க இருவரும் ஒரே அணியில் ஆடியாக வேண்டும். ஆடினார்கள். எமரி ஒரு பந்தைக்கூடத் தவறாகப் போடவில்லை. முன்பைவிடத் துல்லியமாகப் போட்டான். ரஷாட்டின் கைக்குப் பந்து வந்தது, பேச்சு வரவில்லை. மூக்கு, செங்கல் எல்லாம் நின்றுபோயிற்று. மாவட்ட இறுதியாட்டத்தில் ஜெயித்தபோதும் ஆளுக்கொரு மூலையில் நின்று துண்டால் முகம் துடைத்தார்கள். சிவப்புத் தொப்பியை எடுத்த அன்றிலிருந்து ரஷாட் டல் வீட்டுக்குச் சாப்பிடப் போகவில்லை.

கால்டர் எனக்கு அப்புறம் ஃபோன் செய்யவே இல்லை. நான் இரண்டு முறை செய்தேன். இரண்டாவது முறை, நான் யார் என்பதை அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

வெக்ஸ்மோரில் அந்த வருடம் ரஷாட்டைப் போலவே ஐந்து பேர் வந்திருந்தார்கள். ஐந்து பேரும் அந்தச் சுவரைப் பார்த்தவர்கள். ரஷாட்டை ஒரு ஆட்டத்துக்கு ஆறு நிமிடம் களத்தில் விட்டார்கள், பிறகு நாலு. பிப்ரவரியில் பாத எலும்பில் விரிசல். இன்னும் ஒரு வருடம் இருந்து ஆடு என்று தலைமைப் பயிற்சியாளர் சொன்னார். ஆனால் ஏஜென்ட் ஒருவர், கடைசி வரிசையிலாவது உன்னை எடுப்பார்கள் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். ஜூன் மாதம் லீக் ஆள் எடுக்கும் நாளன்று தேவாலயக் கூடத்தில் நாற்பது பேர் கூடித் தொலைக்காட்சி பார்த்தோம். அறுபது பெயர்கள் வாசித்தார்கள். நாற்பதாவது பெயருக்குப் பிறகு யாரும் தின்பண்டத்தைத் தொடவில்லை. ஐம்பதுக்குப் பிறகு டெனிஸ் எழுந்து, வலிக்கும் விரல்களோடு தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார். அறுபதும் முடிந்தது. ஏஜென்டோடு கையெழுத்து போட்டவன் கல்லூரி ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

அப்புறம் ஆறு வருடம் எங்கெங்கோ ஆடினான். சைப்ரஸ், ஸ்லோவாக்கியா, உருகுவே. சில இடங்களில் அரங்கில் முந்நூறு பேர் இருப்பார்களாம். முழங்கால் இரண்டாவது தடவை போனபோது ஊருக்கு வந்துவிட்டான். அவனுக்கு அப்போது இருபத்தைந்து.

விளையாட்டு அரங்குகளின் மரத்தரையைத் தேய்த்து, வார்னிஷ் பூசி, கோடு போடுகிற ஒரு நிறுவனத்தில் சேர்ந்தான். நல்ல வேலைக்காரன். கோடுகளை அவனைப் போல யாரும் நேராகப் போடமாட்டார்கள் என்று பக்கத்து மாவட்டங்களில்கூடச் சொல்வார்கள். ஆனால் ஊருக்குள் அவனைப் பார்ப்பது அபூர்வம். பால், ரொட்டி வாங்குவதற்குக்கூடப் பாலத்தைத் தாண்டிக் கென்டக்கிப் பக்கம் போய்வந்தான். எங்கள் ஊர்க் கடையில் யூனிஸ் நிற்கக்கூடும், எமரி நிற்கக்கூடும். எமரி ஆற்று மதகில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மேலிருந்து வரும் சரக்குப் படகுகளைக் கீழ்மட்டத்துக்கு இறக்கிவிடுகிற வேலை. கல்யாணமாகி ஜோலின் என்று ஒரு மகள். பத்து வருடம் ஒரே ஊரில் இருந்துகொண்டு இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொள்ளவே இல்லை. எமரி தேடவில்லை, ரஷாட் ஒளிந்துகொண்டான்.

ஜோலின் வளர்ந்தாள். அப்பாவின் கை, அவருக்கு இல்லாத உயரம். பதினாறு வயதில் பெல் லேண்டிங் பெண்கள் அணி முழுவதும் அவளைச் சுற்றித்தான் ஓடியது. ஓய்வு பெற்ற பிறகும் வாரத்தில் மூன்று நாள் போய் அவர்களுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கும் கடிதங்கள் வர ஆரம்பித்தன.

2024 ஆகஸ்டில் எங்கள் பள்ளி அரங்குத் தரைக்கு ரஷாட்டின் நிறுவனம் வார்னிஷ் பூச வந்தது. அன்று நான் மேல் இருக்கையில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். ரஷாட் ஒரு கோடியிலிருந்து பூசிக்கொண்டே பின்வாங்கி மறு கோடிச் சுவர் வரை வந்துவிட்டான். அப்போது எதிர்ப்புறக் கதவு திறந்தது. எமரி.

"அங்கயே நில்லு! ஈரம்!" என்று கத்தினான் ரஷாட். யார் என்று அதற்கு அப்புறம்தான் பார்த்தான். பதினேழு வருடத்தில் அவன் எமரியிடம் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

எமரி நின்றான். நடுவில் தொண்ணூறு அடி ஈரத்தரை. இருவரும் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"எம் பொண்ண காலேஜுக்குக் கேக்கறாங்க!"

"கேள்விப்பட்டேன்!"

"எனக்கு அந்த விஷயம் ஒண்ணும் தெரியாது! என்னை யாரும் கேட்டதில்லல்ல!"

ரஷாட் கையில் பூச்சுக் கட்டையைப் பிடித்தபடி நின்றான்.

"வர்ற பதினாலாந்தேதி ஒரு பெரிய எடத்துக்காரங்க வீட்டுக்கு வர்றாங்க. நீயும் வந்து உக்காரு. அவங்க எப்பப் பொய் சொல்றாங்கன்னு உனக்குத் தெரியும்!"

"எமரி, நான் எப்படிடா உங்க வீட்டுக்கு..."

"பொண்ணுக்காகக் கூப்பிடறேன். எனக்காக இல்ல!" என்று சொல்லிவிட்டு எமரி கதவைச் சாத்திக்கொண்டு போனான்.

பதினாலாம் தேதி ரஷாட் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றான். நானும் போயிருந்தேன், ஜோலினின் பயிற்சியாளராக. வந்த பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஹார்கன் என்ற அம்மாள், நல்ல பேச்சு, கனிவான முகம். எங்கள் பெண்கள் ஆறு பேர் இன்று தொழில்முறை லீக்கில் ஆடுகிறார்கள் என்று சொல்லி, மடிக்கணினியில் அவர்களின் படங்களைக் காட்டினார். ஜோலினின் கண் விரிந்தது.

ரஷாட் அப்போதுதான் வாயைத் திறந்தான். "மேடம், அந்த ஆறு பேர்ல முதல் வருஷத்துலேர்ந்து உங்ககிட்டயே இருந்தவங்க எத்தன பேரு?"

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே யோசித்தார். "ரெண்டு."

"மத்த நாலு பேரும் வேற காலேஜ்ல வளந்து, கடைசி வருஷம் இங்க மாறி வந்தவங்க. சரியா?"

"அப்படியும் சொல்லலாம்."

"ஜோலின் ஆடற எடத்துக்கு இப்ப உங்ககிட்ட எத்தன பேர் இருக்காங்க? அடுத்த வருஷம் இவளவிட நல்லா ஆடறவ ஒருத்தி வேற எங்கருந்தாவது மாறி வந்தா இவ என்ன ஆவா? முழங்கால் போச்சுன்னா படிப்பு முடியற வரைக்கும் வச்சுக்குவீங்களா? எழுத்துல தருவீங்களா?"

குரலை உயர்த்தாமல், மரியாதையோடு கேட்டான். சிலவற்றுக்கு நேரான பதில் வந்தது, சிலவற்றுக்கு வரவில்லை. பதில் வராத இடத்தில் எல்லாம் எமரி மகளைப் பார்த்தான்.

அந்த அம்மாள் போனதும் ஜோலின் தந்தையைப் பார்க்காமல் ரஷாட்டைப் பார்த்து நேராகக் கேட்டாள். "இவ்வளவு வெவரம் தெரிஞ்ச ஆளு, எங்கப்பாவ ஏன் விட்டுட்டுப் போனீங்க?"

"ஜோலின்!" என்றான் எமரி. "அவன் அப்ப சின்னப் பையன். அத்தன கேமரா, அத்தன கூட்டம், பயந்துபோய்க் கை மாறிடுச்சு. நான்தான் சொல்லியிருக்கேன்ல?"

"கை மாறல," என்றான் ரஷாட்.

மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு சொன்னான். திங்கள்கிழமையே ஃபோன் செய்துவிட்டதைச் சொன்னான். செவ்வாய்க்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டதைச் சொன்னான். கால்டர் வாத்துக்குஞ்சு என்றதையும், தான் சிரித்ததையும் சொன்னான். "அந்தாளு சொன்னதுக்குக்கூட இல்ல எமரி, நான் சிரிச்சேன் பாரு, அதுதான்..."

எமரியின் காதுகள் சிவந்தன.

"ரெண்டு நாள் முன்னாடியே தெரியுமா உனக்கு? பதினெட்டு வருஷமா எங்கம்மாகிட்ட, பொண்டாட்டிகிட்ட, இவகிட்ட, எல்லார்கிட்டயும் உனக்காகப் பேசியிருக்கேன்டா. பாவம் பயந்துட்டான், பாவம் பயந்துட்டான்னு."

"தெரியும். அதக் கேக்கும்போதெல்லாம் செத்துடலாம் போல இருக்கும்."

"வேற யாருக்குத் தெரியும்?"

நான் அங்கேயே, அவனுக்கு மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ரஷாட் என் பக்கம் திரும்பவே இல்லை.

"யாருக்கும் தெரியாது," என்றான்.

நானும் வாயைத் திறக்கவில்லை. ஐம்பது வயதில் ஒரு வேலைக்கு ஆசைப்பட்டு வாயை மூடிக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதில் எதற்கு ஆசைப்பட்டேன்? எமரி ஊற்றிக் கொடுத்த காப்பி கையில் ஆறிக்கொண்டிருந்தது. அதைக் குடித்தேன்.

வெளியே வந்ததும் ரஷாட்டின் வண்டிக்குப் பக்கத்தில் நிறுத்திக் கேட்டேன். "ஏன்டா அப்படிச் சொன்ன?"

"உங்களுக்கு வயசாயிடுச்சு கோச். ஊர்ல எல்லாரும் மதிக்கறாங்க. எனக்கு இது பழகிப்போச்சு." வண்டியில் ஏறிப் போய்விட்டான்.

ஒன்பது நாள் கழித்து நான் மதகுக்குப் போனேன். எமரி மேல் மேடையில் இருந்தான். கீழே நிலக்கரிப் படகு ஒன்று சுவர்களுக்கு நடுவே மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன்: பந்து அறை, வீடியோ ரூம், க்ரீலின் ஃபோன், இல்லினாய்ஸ் பையன். எமரி கடைசிவரை கேட்டான்.

"செவ்வாய்க்கிழமை சொல்லியிருந்தா எனக்கு எடம் கெடச்சிருக்கும். இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"வியாழக்கிழமை காலையில."

"அப்புறமும் சொல்லல."

"சொல்லல."

"அந்த வருஷம் பூரா ஆட்டத்துக்கு முன்னாடி என் தோளத் தட்டிக்கொடுத்தீங்களே கோச்."

படகு அடிமட்டத்துக்கு வந்துவிட்டது. கதவைத் திறக்க வேண்டும். "போயிட்டு வாங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எமரி கட்டுப்பாட்டு அறைக்குள் போனான். அதற்குப் பிறகு அவன் என்னை எதற்கும் கூப்பிடவில்லை. ஜோலின் ஊரில் இருந்தவரை பயிற்சியில் எனக்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். யூனிஸ் தேவாலயத்தில் என்னைக் கண்டால் வேறு வரிசைக்கு மாறிவிடுகிறார். ரஷாட்டுக்கு விஷயம் தெரிந்தபோது என் வீட்டுக்கே வந்து சத்தம் போட்டான்: "உங்கள யாரு சொல்லச் சொன்னா? அவனுக்கு மறுபடியும் வலிக்கறதுக்கா?"

ஜோலின் அந்தப் பெரிய இடத்தை வேண்டாம் என்றாள். மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கும் ஒரு நடுத்தரக் கல்லூரியில் சேர்ந்தாள். ரஷாட் எழுதிக் கொடுத்த கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்கு அந்தக் கல்லூரியின் பயிற்சியாளர் "தெரியாது" என்று ஒப்புக்கொண்டாராம். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. முதல் ஆட்டத்துக்கு எமரியின் வண்டியில் ரஷாட்டும் போனான். மூன்று மணி நேரமும் வானிலையைப் பற்றித்தான் பேசினார்களாம்.

போன வாரம் பெட்ரோல் பங்கில் ரஷாட்டைப் பார்த்தேன். என் மேல் கோபம் கொஞ்சம் தணிந்திருந்தது. எப்படிடா போகுது என்று கேட்டேன்.

"பழைய மாதிரி இல்ல கோச். அப்படி ஆகவும் ஆகாது. சீண்டறதெல்லாம் கெடையாது." பெட்ரோல் மூடியைத் திருகிக்கொண்டே யோசித்தான். "தூரத்துல இருந்தப்ப இவ்வளவு தெரியல. பக்கத்து சீட்ல உக்காந்து, அவன் பொண்ணு போடற பாஸப் பாத்து அவன் மூச்ச இழுக்கும்போதுதான், நான் எதக் கெடுத்தேன்னு தெரியுது. முன்னவிட இப்பத்தான் ரொம்ப வெக்கமா இருக்கு."

"அப்ப ஏன் போற?"

"சனிக்கிழமை ஒம்பது மணிக்கு வாசல்ல வந்து ஹாரன் அடிக்கறான்," என்றான் ரஷாட். "எப்படிப் போகாம இருக்கறது?"